அடைக்கோழியும் 21 நாளும்: கோழி வளர்ப்பு முதல் குஞ்சு பொரிப்பு வரை

என் கோழி முதன்முதலாக அடை உட்கார்ந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து நாளாகச் சேர்த்து வைத்திருந்த ஒன்பது முட்டைகளை அதன் அடியில் வைத்துவிட்டு நாளை எண்ண ஆரம்பித்தேன். 21ஆம் நாள் போனது, 25ஆம் நாளும் போனது. அது எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை. ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தேன், உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம். ஒன்பதும் கூமுட்டை. எங்கள் வீட்டில் சேவலே கிடையாது என்பது அந்த 25 நாளில் ஒருமுறைகூட என் புத்திக்கு எட்டவில்லை.

அதற்குப் பிறகு பல அடை பார்த்தாயிற்று. அடைகாக்கும் வேலையில் கோழி தவறுவது அபூர்வம். கெடுவதெல்லாம் நம் பக்கத்தில்தான்: முட்டை பொறுக்குவதில், இடம் பார்ப்பதில், எல்லாவற்றுக்கும் மேல் சும்மா இருக்கத் தெரியாததில். எதை எப்போது செய்வது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

கோழி வாங்குவதற்கு முன்

கோழி கூட்டமாக வாழும் பறவை. ஒற்றைக் கோழி நாள் முழுக்கக் கத்திக்கொண்டே திரியும். குறைந்தது மூன்று வேண்டும். அவற்றுக்குள் யார் முதலில் கொத்துவது, யார் ஒதுங்கி நிற்பது என்று ஒரு வரிசை இருக்கும். புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் அந்த வரிசை கலைந்து ஒரு வாரம் சண்டை நடக்கும். அதனால் முதலிலேயே ஒரே வயதில் மூன்று நான்கை வாங்கிவிடுவது நிம்மதி.

எந்த இனம் என்பது முக்கியம். முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனங்களில் அடை உட்காரும் குணத்தைக் கிட்டத்தட்ட அழித்துவிட்டார்கள். வெள்ளை லெகார்ன் கோழி அடைக்கு வருவது அரிது, வந்தாலும் பாதியில் எழுந்து போய்விடும். அடை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நாட்டுக்கோழிதான் சரி. அசில், கொச்சின், சில்கி ஆகியவையும் நன்றாக உட்காரும். சில்கி பார்க்கப் பஞ்சு உருண்டை போல இருக்கும். முட்டை கொஞ்சம்தான் இடும், ஆனால் கையில் எதைக் கொடுத்தாலும் அடைகாக்கும்.

கூட்டின் அளவு: உள்ளே ஒரு கோழிக்கு 3 முதல் 4 சதுர அடி, மேய்கிற அடைப்பில் 8 முதல் 10 சதுர அடி. அடைவதற்குக் குறுக்குக் கம்பில் ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குலம். மூன்று நான்கு கோழிகளுக்கு ஒரு முட்டைப்பெட்டி போதும். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், கொஞ்சம் இருட்டாக இருந்தால் விரும்பிப் போய் இடும். கம்பு முட்டைப்பெட்டியை விட உயரத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் இரவு பெட்டியிலேயே அடைந்து எச்சத்தால் நாசம் செய்துவிடும்.

கம்பிவலை விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கோழிவலை என்று விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், அவ்வளவுதான். நாயும் கீரியும் அதைக் கிழித்துக்கொண்டு வரும், எலியும் பாம்பும் ஓட்டை வழியாகவே வரும். அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த வலையை அடித்து, சுற்றிலும் ஓரடிக்கு மண்ணில் புதையுங்கள். காற்றோட்டம் மேற்பக்கத்தில் இருக்க வேண்டும். மூடிய கூட்டில் தேங்கும் எச்சத்தின் நெடி கோழியின் மூச்சுக்குழலைக் கெடுக்கும்.

தீவனத்துக்கு வருவோம். வளர்ந்த கோழி ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தின்னும், சாதாரண நாளில் கால் லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். வெயில் ஏறினால் இது இரண்டு மடங்காகும். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் புரதம் 16 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம் வேண்டும். முட்டை ஓடு அந்தச் சுண்ணாம்பில்தான் உருவாகிறது. சிப்பித்தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவைப்பட்டது போய்த் தின்னும். தானியமும் கீரையும் மிச்ச உணவும் கூடுதலாகத்தான், முதன்மைத் தீவனமாக அல்ல. பூசணம் பிடித்தது எதையும் போடாதீர்கள்; வேகாத உலர் பீன்ஸ், சாக்லேட், அவகாடோவின் தோலும் கொட்டையும் கோழிக்கு நஞ்சு. கோழிக்குப் பல் இல்லை, தின்றதை அரைவைப்பையில் சிறு கற்களை வைத்துத்தான் அரைக்கும். அடைத்தே வளர்ப்பவர்கள் கரடுமுரடான மணலைத் தட்டில் வைத்தாக வேண்டும்.

மண் குளியலுக்கு உலர்ந்த மூலை ஒன்று ஒதுக்குங்கள். கோழி மண்ணில் புரண்டு இறகுக்குள் தூசி ஏற்றிக்கொள்வதுதான் பேனை விரட்ட அது கண்ட வழி. அடைக்கோழிக்கு இதன் அருமை பின்னால் தெரியும்.

பெட்டை 18 முதல் 24 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆவதால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிந்தும், பிந்திப் பிந்தி ஒரு நாள் விட்டுப்போகும். பகல் குறுகிய பருவத்தில் முட்டை குறைவதும் இயற்கை. தொடர்ந்து இட 14 மணி நேரமாவது வெளிச்சம் தேவை.

அடைக்கு வந்துவிட்டதா, நடிக்கிறதா?

முட்டையிடப் போன கோழி மதியம் ஆகியும் பெட்டியை விட்டு வராது. கையை நீட்டினால் உடம்பை இரண்டு மடங்காகச் சிலுப்பிக்கொண்டு, தொண்டைக்குள் கரகரவென்று உறுமும், கொத்தும். வெளியே வந்தாலும் "குக் குக்" என்று விட்டு விட்டு ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டே நடக்கும். கொண்டை வெளுக்கும். ஒரு நாளில் ஒரே ஒரு தடவை, பெரிதாக, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு எச்சமிடும். வயிற்றுப்பக்க இறகு உதிர்ந்திருக்கும், அதுவே பிடுங்கியும் போட்டிருக்கும். அங்கே வெற்றுத் தோல் நேராக முட்டையைத் தொடும். கோழியின் உடல் சூடு சுமார் 41 டிகிரி. அந்தத் தோல் வழியாகத்தான் அது முட்டைக்கு இறங்குகிறது. மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி விடும் புரோலாக்டின் என்ற இயக்குநீர்தான் இத்தனைக்கும் காரணம். முட்டையிடுவதும் அத்தோடு நின்றுவிடும்.

நிச்சயமான சோதனை இரவில். மற்றவை கம்பில் அடைந்திருக்க, இது மட்டும் பெட்டியிலேயே படுத்திருந்தால் அடைக்கு வந்திருக்கிறது. அப்போதும் அவசரப்படாதீர்கள். போலி முட்டை இரண்டு மூன்றை (மரமோ பீங்கானோ பிளாஸ்டிக்கோ, கோல்ஃப் பந்தும் ஆகும்) வைத்து மூன்று இரவு பாருங்கள். முதல் முறை உட்காரும் விடைக்கோழி (இளம் பெட்டை) இரண்டு நாளில் மனம் மாறி எழுந்து போவதுண்டு.

அதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும்

பொரியும் குஞ்சில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். பத்துக் குஞ்சு என்றால் நான்கைந்து சேவல். ஐந்தாறு மாதத்தில் அவை விடியுமுன்னே கூவும், ஒன்றையொன்று குத்தும், பெட்டைகளை நிம்மதியாக மேயவிடாது. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிச்சத்தை யாருக்குக் கொடுப்பது, தனியாக எங்கே வைப்பது, உங்கள் குடியிருப்பில் சேவல் வைக்க அனுமதி உண்டா என்பதற்கெல்லாம் பதில் இல்லாமல் அடை வைக்காதீர்கள். செல்லமாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். குஞ்சின் அழகில் இது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

வேண்டாம் என்றால் அடையைத் தெளிய வைக்கலாம். தண்ணீரில் முக்குவது, இருட்டில் பட்டினி போடுவதெல்லாம் கொடுமை, அவசியமும் இல்லை. அடிப்பக்கம் கம்பிவலையாக உள்ள கூண்டில், வைக்கோல் எதுவும் இல்லாமல், தரையிலிருந்து உயர்த்தி, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். தீவனமும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். வயிற்றின் கீழே காற்றுப் பட்டுக் குளிர்ந்தால் மூன்று நாளில் பெரும்பாலும் தெளிந்துவிடும். வெளியே விட்டதும் நேரே பெட்டிக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள். தெளிய வைக்கவும் இல்லாமல், முட்டை வைக்கவும் இல்லாமல் வெற்றுப்பெட்டியில் வாரக்கணக்கில் உட்கார விடுவதுதான் மோசம். கோழி இளைத்து ஒன்றுமில்லாமல் போகும்.

முட்டை பொறுக்குவது

சேவல் சேர்ந்த முட்டைதான் பொரியும். கோழியின் உடலுக்குள் சேவலின் விந்து தங்கியிருக்கச் சிறு மடிப்புகள் உண்டு. ஒருமுறை சேர்ந்தால் இரண்டு வாரம் வரை இடும் முட்டைகள் கருவுற்றிருக்க வாய்ப்புண்டு. சேவல் இல்லாதவர்கள் சேவலோடு வளரும் கோழிகளின் முட்டையை வேறு யாரிடமாவது வாங்கி வைக்கலாம். யார் இட்ட முட்டை என்றெல்லாம் அடைக்கோழி பார்க்காது.

பொறுக்கும்போது நடுத்தர அளவு, ஒழுங்கான வடிவம், விரிசல் இல்லாத ஓடு. மிகப் பெரியதில் இரட்டைக் கரு இருக்கலாம், அது பொரிவது அரிதினும் அரிது. விடைக்கோழி இடும் முதல் சில வாரத்துச் சின்ன முட்டையும் வேண்டாம். கழுவாதீர்கள். ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று உண்டு, கிருமி நுண்துளை வழியாக உள்ளே போகாமல் காப்பது அதுதான். அழுக்கு முட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்வதை விட ஒதுக்கிவிடுவது நல்லது.

வெவ்வேறு நாளில் இட்ட முட்டைகள் எப்படி ஒரே நாளில் பொரிகின்றன என்று கேட்பார்கள். சுமார் 20 டிகிரிக்குக் கீழே கரு வளராமல் உறங்கிக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் ஒன்றாகச் சூடு கிடைக்கும் நாளில்தான் எல்லாம் ஒன்றாக விழிக்கும். அதனால் சேர்க்கும் முட்டைகளை 13 முதல் 18 டிகிரி இருக்கும் குளிர்ந்த இடத்தில், கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். வெக்கையான அறையில் கரு அரைகுறையாக விழித்துச் செத்துவிடும். குளிர்பதனப்பெட்டியின் 4 டிகிரி அளவுக்கு மீறிய குளிர். 7 நாளுக்குள் வைத்துவிட்டால் நல்லது, அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிக்கும் வாய்ப்பு குறையும். ஒரு வாரத்தைத் தாண்டினால் தினமும் ஒருமுறை பக்கம் மாற்றிச் சாய்த்து வையுங்கள்.

எத்தனை வைப்பது? கோழி இறக்கையை விரித்து உட்கார்ந்தால் ஒரு முட்டைகூட வெளியே தெரியக் கூடாது, அதுதான் கணக்கு. நடுத்தரக் கோழிக்குத் தன் அளவு முட்டை 8 முதல் 12, சிறியதற்கு 5 அல்லது 6. ஆசைப்பட்டு 15 வைத்தால் ஓரத்து முட்டை குளிரும், அதை அது உள்ளே தள்ளி வேறொன்றை ஓரத்துக்கு அனுப்பும், கடைசியில் எல்லாமே ஒருமுறை குளிர்ந்து எழும்.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் சுற்றி ஒரு கோடு போடுங்கள். மை வேண்டாம். இதைச் செய்யாமல் ஒருமுறை நான் பட்ட பாடு சொல்லி முடியாது. அடைக்கோழி இரை எடுக்கப் போகும் நேரம் பார்த்து மற்றக் கோழிகள் அதே பெட்டியில் தினம் ஒன்று இட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. ஏழு முட்டை பதினாறாகிவிட்டது, எது பழையது எது புதியது என்று தெரியவில்லை. நான்கு குஞ்சு வந்ததும் தாய் அவற்றோடு எழுந்து போய்விட்டது. உள்ளே உயிரோடு பாதி வளர்ந்திருந்த முட்டைகள் குளிர்ந்து போயின.

இடம்

மற்றக் கோழிகள் எட்டாத தனி இடம் வேண்டும் என்பது இப்போது புரிந்திருக்கும். அகலமும் நீளமும் ஒன்றேகால் அடி உள்ள பெட்டி, தரையிலேயே. உயரத்தில் வைத்தால் பிறந்த குஞ்சு விழும், விழுந்தால் ஏறத் தெரியாது. அடியில் கொஞ்சம் மண் பரப்பி, நடுவில் தட்டுப்போல் பள்ளம் செய்து, மேலே உலர்ந்த வைக்கோலோ புல்லோ. பள்ளம் அதிகமானால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உடையும், தட்டையானால் உருண்டோடும். நேர் வெயிலும் மழைச்சாரலும் வேண்டாம். ஓரளவு இருட்டு வேண்டும். பெட்டிக்கு எதிரே எட்டி நடந்து போகும் தூரத்தில் தீவனம், தண்ணீர், மண் குளியல். முன்னால் சொன்ன அரையங்குல வலை இங்கே கட்டாயம். அடைக்கோழி எதிரி வந்தாலும் முட்டையை விட்டு எழாது.

உட்கார்த்துவதற்கு முன் செள்ளு இருக்கிறதா பாருங்கள். சிவப்புச் செள்ளு பகலில் மர இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். நாள் முழுக்க ஒரே இடத்தில் இருக்கும் கோழி அதற்கு வைத்த விருந்து. பெட்டியின் இடுக்கில் வெள்ளைத் தாளைச் செருகி இழுத்தால் சிவப்புத் தீற்று விழும், இருந்தால் உடனே தெரிந்துவிடும். நல்ல அடைக்கோழி நடுவில் முட்டையைக் கைவிட்டு ஓடினால் பெரும்பாலும் இதுதான் காரணம். பெட்டியை முன்கூட்டியே கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காய வையுங்கள். கோழிக்குப் பேன் இருந்தால் மருந்து என்ன என்று கால்நடை மருத்துவரிடம் அடைக்கு முன்பே கேட்டுச் செய்துவிடுங்கள்.

வைக்கும் இரவு

பகலில் இடம் மாற்றினால் பழைய பெட்டியைத் தேடிப் போகும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. மாற்றத்தை ஏற்றுக்கொள்ள அதுவே வசதி. இருட்டியதும் ஒலியெழுப்பாமல் கோழியைத் தூக்கிக் கொண்டுபோய்ப் புதுப் பெட்டியில் போலி முட்டை மேல் விடுங்கள். மறுநாள் பகல் முழுக்க அங்கே நிலைத்தால், அன்றிரவு போலியை உருவிவிட்டு நல்ல முட்டைகளை ஒவ்வொன்றாக மார்புக்குக் கீழே தள்ளுங்கள். அலகாலேயே இழுத்துச் சரிசெய்துகொள்ளும். அந்த நேரம் அதைப் பார்த்தால் தெரியும், அது நம்மை மறந்துவிட்டது.

கணக்குக்கு ஓர் எளிய வழி: வைத்த கிழமையே மூன்றாம் வாரம் பொரிக்கும் கிழமை. திங்களிரவு வைத்தால் மூன்று வாரம் கழித்துத் திங்கள். ஒரு நாள் முன்பின் ஆகலாம். சின்ன இன முட்டை 19, 20ஆம் நாளிலேயே வந்துவிடும். வாத்து முட்டை வைத்தால் 28 நாள். கோழி அதையும் பொறுமையாகக் காக்கும். குஞ்சுகள் தண்ணீரில் இறங்கும் நாளில்தான் கரையில் நின்று அது படும் பாட்டைப் பார்க்க முடியாது.

1 முதல் 18ஆம் நாள் வரை

கோழி தினம் ஒருமுறை, பெரும்பாலும் ஒரே நேரத்தில், எழுந்து போய் இரை தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டு, மண்ணில் புரண்டுவிட்டு 15 முதல் 30 நிமிடத்தில் திரும்பும். அந்நேரம் முட்டை கொஞ்சம் ஆறுவதால் கெடுதல் இல்லை. முட்டைகளைப் பகலும் இரவும் பலமுறை அதுவே திருப்பிவிடும், நாம் தொட வேண்டாம். தண்ணீர் தெளிப்பது, சூடு பார்ப்பது என்று எதுவும் நம் வேலை இல்லை.

நம் வேலை இரண்டுதான். ஒன்று, தினம் எழுகிறதா என்று எச்சத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது. சில கோழிகள் இரண்டு நாளாகியும் எழாது. அப்படியானால் மெதுவாக அடியில் கைவிட்டு, இறக்கையில் முட்டை மாட்டியிருக்கிறதா பார்த்துவிட்டு, தூக்கித் தீவனத்தருகே விடுங்கள். தரையில் ஒரு நிமிடம் கல்லாக உட்கார்ந்திருக்கும், பிறகு திடுக்கிட்டு எழுந்து தின்னும். அடைக்காலத்தில் எடை குறைவது வழக்கம்தான், ஆனாலும் முழுத்தானியமும் நல்ல தீவனமும் தாராளமாக இருக்கட்டும். இரண்டு, முட்டை உடைந்தாலோ பெட்டியில் எச்சம் பட்டாலோ அது வெளியே போன நேரத்தில் ஈரமான வைக்கோலை எடுத்துவிட்டுப் புதிது போடுவது. உடைந்த முட்டையின் கசடு மற்ற முட்டையில் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைக்கலாம்.

ஏதோ காரணத்தால் இரண்டு மூன்று மணி நேரம் முட்டை குளிர்ந்து கிடந்தாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கரு நாம் நினைப்பதை விடத் தாங்கும். கோழியைத் திரும்ப உட்கார்த்திவிட்டு, சில நாள் கழித்து வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுங்கள்.

வெளிச்சத்தில் பார்ப்பது

7ஆம் நாள் இரவு, இருட்டறையில், சின்ன டார்ச் விளக்கின் வாயை முட்டையின் அகன்ற முனையில் ஒட்டிப் பிடியுங்கள். நடுவில் கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால் போல் பிரியும் இரத்தக்குழாய்களும் தெரிந்தால் உயிருள்ளது. சில சமயம் அந்தப் புள்ளி துள்ளுவதும் தெரியும். எதுவுமில்லாமல் வெறும் மஞ்சள் வெளிச்சமாக இருந்தால் கருவுறாதது. குழாய் இல்லாமல் ஒரே ஒரு சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் கரு தொடங்கி இறந்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். அழுகிய முட்டை அடியிலேயே வெடித்தால் நாற்றம் இருக்கட்டும், மற்ற முட்டைகளிலும் கிருமி ஏறும்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே அரிஸ்டாட்டில் அடைமுட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்துப் பார்த்து, மூன்று நாள் கடந்ததும் இதயம் ஒரு இரத்தப்பொட்டாகத் துடிப்பதை எழுதிவைத்தார். நமக்கு உடைக்காமலே பார்க்க வழி இருக்கிறது.

14ஆம் நாள் இன்னொரு முறை. இப்போது முட்டையின் பெரும்பகுதி இருண்டு, அகன்ற முனையில் காற்றறை மட்டும் வெளிச்சமாக இருக்கும். பழுப்பு ஓடாக இருந்தால் 7ஆம் நாளில் ஒன்றும் புரியாது, சந்தேகம் என்றால் திரும்ப வைத்துவிட்டு 10ஆம் நாள் பாருங்கள். சந்தேகத்தின் பலன் முட்டைக்கே.

18ஆம் நாளிலிருந்து தொடாதீர்கள்

குஞ்சு இப்போது தலையைக் காற்றறைப் பக்கம் கொண்டுவந்து பொரிக்கும் நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். 19, 20ஆம் நாளில் உள்சவ்வைக் குத்திக் காற்றறையில் முதல் மூச்சு விடும். காதை வைத்துக் கேட்டால் ஓட்டுக்குள்ளிருந்து "கீச் கீச்" கேட்கும், தாய் அடித்தொண்டையில் பதில் சொல்லும். அலகு நுனியில் இருக்கும் சிறு கூர்முனையால் ஓட்டில் நட்சத்திரம்போல் ஒரு விரிசல் விழும். அதற்குப் பிறகு பெரும்பாலும் மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது.

அந்த அமைதியில்தான் எல்லோர் கையும் துறுதுறுக்கும். என் கையும் துறுதுறுத்தது. குஞ்சு தவிக்கிறது என்று நினைத்து ஓட்டை நகத்தால் பிய்த்தேன். இரத்தம் வந்தது, நின்றபாடில்லை, அரைமணியில் செத்துவிட்டது. விரிசல் விழுந்த பிறகும் சவ்வில் ஓடும் குழாய்களில் இரத்தம் இருக்கும், மஞ்சள்கரு வயிற்றுக்குள் முழுதாக இழுக்கப்பட்டிருக்காது. குஞ்சு சும்மா இருப்பதுபோல் தெரியும் 12 முதல் 24 மணி நேரமும் இந்த வேலை நடக்கிறது. அது முடிந்ததும் தானே சுற்றிலும் ஓட்டை வெட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு 2, 3 நாள் வரை அதற்குத் தீனி. அதனால்தான் முதலில் வந்தவை பசியில் அலறாமல் பிந்தி வருபவற்றுக்காகத் தாயின் அடியில் காத்திருக்க முடிகிறது. நீங்களும் தீவனத்தோடு அவசரப்பட வேண்டாம். வெற்று ஓட்டை மட்டும், தாய் நகரும்போது எடுத்துவிடலாம். முழு ஓட்டுக்குள் இன்னொரு முட்டை போய்ச் செருகிக்கொள்வதுண்டு. முதல் குஞ்சு வந்து இரண்டு நாளாகியும் விரிசல் விழாததை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள்.

முதல் முறை தாயாகும் கோழியைக் கொஞ்சம் கவனியுங்கள். அபூர்வமாக, அடியில் ஏதோ அசைகிறதே என்று பயந்து குஞ்சைக் கொத்துவதுண்டு. அப்படி நடந்தால் குஞ்சுகளை எடுத்து விளக்குச் சூட்டில் வைத்து, இரவில் திரும்ப வைத்துப் பாருங்கள். மறுபடியும் கொத்தினால் நாமேதான் வளர்க்க வேண்டும். முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வருவது.

குஞ்சுகளோடு

தாய் தானாக எழுந்து குஞ்சுகளை வெளியே அழைத்து வரும் நாளில் தீவனத்தை வையுங்கள். குஞ்சுத் தீவனம் பொடிநொய்யாக, 20 சதவீதப் புரதத்தை ஒட்டி இருக்கட்டும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள சுண்ணாம்பு பிஞ்சுச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயும் குஞ்சுத் தீவனத்தையே தின்னட்டும். அது அந்தச் சமயம் முட்டையிடாது, அதற்குச் சுண்ணாம்பு வேண்டியதில்லை. தண்ணீர்த்தட்டு விரற்கடை ஆழம், அதிலும் கூழாங்கல் நிரப்புங்கள். சின்னக் குஞ்சு மிக எளிதாக மூழ்கிவிடும்.

தாய் இரையைக் காலால் கிளறி, அலகால் எடுத்துப் போட்டு, வேகமாகக் "கொக் கொக்" என்று கூப்பிடும். அந்த ஒலி கேட்டால் எல்லாம் உருண்டோடி வரும். அழுகின இலை, கரையான், புழு என்று எது தீனி என்பதை இப்படித்தான் கற்றுக்கொடுக்கிறது. மேலே பருந்து நிழல் விழுந்தால் வேறொரு நீள ஒலி, குஞ்சுகள் இறக்கைக்கடியில் மறையும். ஆனாலும் முதல் இரண்டு வாரம் வலைக்குள்ளேயே இருக்கட்டும், அல்லது பஞ்சாரம் போட்டு மூடுங்கள். காகமும் பூனையும் தாயின் சீற்றத்துக்குப் பயந்தாலும், பக்கத்தில் ஒதுங்கி நிற்கும் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

நோய் பற்றிச் சுருக்கமாக. பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெதுவாக நீக்கி, துடைத்து உலர்த்தி, தாயிடம் விடுங்கள். 3 முதல் 6 வாரத்தில் குஞ்சு கூனிக்கொண்டு நின்று, எச்சத்தில் இரத்தம் கண்டால் அது இரத்தக்கழிச்சல். ஈரமான தரையில் பெருகும் ஒட்டுண்ணியால் வருவது. அன்றே மருத்துவரிடம் போங்கள், தரையை உலர்த்துங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கும் அம்மைக்கும் தடுப்பு மருந்து உண்டு, வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. உங்கள் பகுதிக்கு எந்த வயதில் எந்தத் தடுப்பூசி என்று முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மோனெல்லா கிருமி நலமாகத் தெரியும் கோழியிலும் இருக்கும், சின்னப் பிள்ளைகள் குஞ்சை முத்தமிட விடாதீர்கள்.

மற்றக் கோழிகளோடு சேர்ப்பதைத் தாயின் பொறுப்பில் விடுங்கள். வலையின் இப்பக்கமும் அப்பக்கமுமாக ஒரு வாரம் பார்த்துப் பழகிய பின், மாலையில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டால், குஞ்சை நெருங்கும் கோழியைத் தாயே விரட்டி வரிசையை நிறுவும். தாய் இல்லாத குஞ்சை இதே கூட்டத்தில் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

5 முதல் 8 வாரத்தில் ஒரு சாயங்காலம் தாய் குஞ்சுகளைத் தரையில் விட்டுவிட்டுக் கம்பில் ஏறி அடையும். நெருங்கினால் கொத்தி விலக்கும். கோபம் இல்லை, பால்குடி மறக்கடிப்பது போலத்தான். குஞ்சுகள் இரண்டு நாள் கீழே நின்று கத்தும், பிறகு அவையும் தாழ்ந்த கம்பில் ஏறப் பழகும். அவற்றுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கம்பை முன்பே கட்டி வையுங்கள். வளரும் கோழித் தீவனத்துக்கு மாறுங்கள், முதல் முட்டை விழுந்த பிறகே சுண்ணாம்பு கூடிய தீவனம். சேவல் எது என்று இந்த வயதில் கொண்டை சிவப்பதிலும், பின்னர் இடுப்பில் தொங்கும் கூர்மையான இறகிலும் தெரியவரும்.

தாய் கொஞ்ச நாளில் கொண்டை சிவந்து மறுபடி முட்டையிடத் தொடங்கும். பழைய வைக்கோலை அப்புறப்படுத்தி, பெட்டியைக் கொதிநீரில் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்துக் கவிழ்த்து வையுங்கள். நல்ல அடைக்கோழி என்றால் வருஷத்தில் இன்னும் ஓரிரு முறையாவது அதைக் கேட்கும்.